என் தம்பி கையால நாலு சொட்டு

கண்ணு சிவந்தா உடனே "கப்பல் கண்ணு"ன்னு சொல்றவங்க வாயில ஓங்கி ஒண்ணு வைக்கணும்போல இருக்கு எனக்கு. இந்தப் போர்ட் பிளேர்ல அது ஒரு வழக்கமாவே போயிடுச்சு. மெட்ராஸ்ல இருந்து கப்பல் வந்து ஹேடோ ஜெட்டியில கட்டும். ரெண்டு மூணு நாள்ல ஊர்ல பாதிப் பேரு கண்ணு மிளகாப்பழமா இருக்கும். மெயின்லேண்டுல இதை மெட்ராஸ் ஐன்னு சொல்லுவாங்க. இங்க கப்பல்ல வந்து இறங்குறதால கப்பல் கண்ணு. இதுக்குன்னு யாரும் டாக்டரைத் தேடிப் போறதில்ல. கம்பவுண்டர்கிட்ட வரிசையில உக்காந்து தலையை அண்ணாந்து காட்டினா ஒரு சொட்டு விடுவார், அஞ்சாறு நாள்ல சரியாயிடும். எனக்கு வந்தது கப்பல் கண்ணு இல்ல. ஆனா நானும் அந்த வரிசையிலதான் உக்காந்தேன், அதுல என் வலது கண்ணு போயிடுச்சு. சொட்டு விட்டது யாருங்கிறீங்க, என் கூடப்பிறந்த தம்பி.

நான் சொல்லச் சொல்ல என் மக செல்விதான் இதை எழுதுறா. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா இப்ப இருக்குற பார்வைக்கு ஒரு வரியைத் தேடிப் பிடிக்கவே பொழுது போயிடும். நடுவுல நடுவுல அவ பேனாவை நிறுத்திட்டு, "அம்மா, மாமாவை இவ்வளவு திட்டணுமா?"ன்னு கேக்குறா. "போன கண்ணு உன்னோடதா, என்னோடதா? எழுதுடி"ன்னு சொல்லியிருக்கேன்.

என் பேரு பாக்கியம். சொந்த ஊரு சிவகங்கைப் பக்கம். எங்க வீட்டுக்காரர் ஹேடோ ஜெட்டியில வின்ச் ஓட்டுறார், கப்பல்ல இருந்து மூட்டையைத் தூக்கி இறக்குற மெஷின் அது. குவார்ட்டர்ஸ் ஓரமா நான் ஒரு சின்ன மெஸ் வெச்சிருக்கேன். காலையில இட்லி, மத்தியானம் சோறும் மீன்குழம்பும். தமிழ், தெலுங்கு, பெங்காலி, மலையாளம்னு எல்லாரும் வருவாங்க. எல்லாரோடயும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்திதான். தம்பி முருகேசனை ஊர்ல இருந்து வரவழைச்சதும் நான்தான். அப்பா போனப்புறம் அவனை வளர்த்தவளே நான். பத்தாவதை முடிச்சுட்டு ஊரைச் சுத்திக்கிட்டிருந்தவனைக் கூட்டிட்டு வந்து, அபர்டீன் பஜார்ல ஒரு டாக்டரோட டிஸ்பென்சரியில கம்பவுண்டரா சேர்த்துவிட்டேன். அந்த டாக்டருக்குக் குடும்பம் மெயின்லேண்டுல. கப்பல் ஏறினார்னா மாசக்கணக்குல திரும்பமாட்டார். அப்பல்லாம் டிஸ்பென்சரிக்கு ராஜா என் தம்பிதான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. பஜார்ல யாராவது "கம்பவுண்டர் அக்கா"ன்னு கூப்பிட்டா உச்சி குளிர்ந்து போவேன்.

பங்களாதேஷ் சண்டை முடிஞ்சு கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். இங்க சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடும். மெஸ்ஸை மூடிட்டு ஜெட்டிப் பக்கம் பார்த்தா, கப்பல் விளக்கைச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியும். மழை ஈரத்துல அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன். அழகாக்கூட இருந்துச்சு போங்க. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினா, "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா"ன்னா. கூடவே வலது புருவத்துக்கு மேல ஒரு கனம் இருக்கும், படுத்து எழுந்தா போயிடும். நோய் முதல்ல தலையைக் காட்டுறதே இப்படித்தான்னு பின்னாடி மெட்ராஸ்ல சொன்னாங்க. இதைப் படிக்கிறவங்களுக்கு விளக்கைச் சுத்திக் கலர் வளையம் தெரிஞ்சா, என்னை மாதிரி நின்னு ரசிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

அந்தத் தடவை கப்பல் வந்ததும் வழக்கம்போல ஊரெல்லாம் கண்ணு சிவந்துச்சு. எனக்கும் ஒரு காலையில வலது கண்ணு சிவந்து, வலி ஆரம்பிச்சுது. வலின்னா சும்மா வலி இல்ல. பாதி மண்டையை யாரோ திருகிப் பிடுங்குற மாதிரி. குடிச்ச காப்பி அப்படியே வெளிய வந்துடுச்சு. அந்தக் கோலத்துலயே டவுன் பஸ் ஏறி பஜாருக்குப் போனேன். டிஸ்பென்சரி வாசல்ல செவந்த கண்ணுக்காரங்க வரிசையா உக்காந்திருக்காங்க. தம்பி கையில சொட்டு விடுற ஃபில்லரோட ஒவ்வொருத்தருக்கா விட்டுக்கிட்டு வர்றான்.

"அக்கா, தள்ளி உக்காரு. ஒட்டிக்கும்"ன்னான்.

"டேய், இவங்களுக்கெல்லாம் அரிக்குதுங்கிறாங்க. எனக்கு மண்டை பொளக்குதுடா. ரெண்டு தடவை வாந்தி வேற. கொஞ்ச நாளாவே விளக்கைப் பார்த்தா வளையம் வளையமா தெரியுது."

"வாந்தி பித்தம். வளையம் தெரியுறது கண்ணுல பூளை கட்டுறதால. எத்தனை பேருக்குப் பார்க்குறேன், எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் பெரியாஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு வந்துடுறேனே."

அவ்வளவுதான், மூஞ்சி சுண்டிப் போச்சு அவனுக்கு. குனிஞ்சு என் காதுல, "கம்பவுண்டரோட அக்காவே சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில போய் நின்னா, நாளைக்கு எவன் என்கிட்ட வருவான்? என் மானத்தை வாங்காதே"ன்னான். சொல்லிட்டு உள்ள போய், டாக்டரோட கண்ணாடி அலமாரியில இருந்து ஒரு பழுப்பு சீசாவை எடுத்துட்டு வந்தான். "இது டாக்டர் மட்டும் போடுற மருந்து. கண்வலிக்கு ஸ்பெஷல். உனக்குங்கிறதால எடுக்குறேன்"ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லி, என் வலது கண்ணுல விட்டான். எனக்கு ஸ்பெஷலாம்! பாவி, அன்னிக்கு எனக்குப் பெருமை வேற பொங்குச்சு.

வீட்டுக்கு வந்தா வெளிச்சமே தாங்கல. கண்ணுக்குள்ள அடுப்பு எரியுது. சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்து, "மருந்து வேலை செய்யுது, அதான் இப்படி இருக்கும்"ன்னு இன்னொரு தடவை விட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் எனக்கு நிக்கத் தெம்பில்ல. தண்ணி குடிச்சாலும் வாந்தி. எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் துறைமுகத்து ஜீப்பைக் கேட்டு வாங்கிட்டு வந்து, மேட்டு மேல இருக்குற சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனார். தம்பியும் ஓடி வந்து ஜீப்புல ஏறிக்கிட்டான்.

அங்க இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். நல்ல மனுஷன், அவர் மேல எனக்கு ஒரு சொல்லும் இல்ல. எங்க வீட்டுக்காரர் சீட்டு வாங்க ஜன்னல்ல நிக்குறார். டாக்டர் டார்ச் அடிச்சு என் கண்ணைப் பார்த்தார். வலது கண்ணுல கருமணி அகலமா விரிஞ்சு, வெளிச்சம் பட்டும் சுருங்காம நிக்குது. "ஆங்க் மே குச் டாலா தா?"ன்னு கேட்டார். கண்ணுல ஏதாவது போட்டீங்களான்னு அர்த்தம். இங்க ஆஸ்பத்திரியில ஒரு வழக்கம் இருக்கு. கூட வந்தவங்கள்ல எவனுக்கு ஹிந்தி சுத்தமா வருதோ அவன்தான் பதில் சொல்லுவான். நோயாளி மூட்டை மாதிரி கிடக்கணும். என் பக்கத்துல நின்ன தம்பி ஒரு நொடி கூட யோசிக்கல.

"நஹீன் சாப். குச் நஹீன் டாலா."

ஒண்ணும் போடலயாம். என் காதுல அது விழுந்துச்சு. ஆனா இருந்த வலியில அது என்ன பொய், எதுக்குப் பொய்யின்னு நெனைக்கக்கூட எனக்கு புத்தி ஓடல. ஐயோ அம்மான்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

அந்த ஒரு வார்த்தை என்ன செஞ்சுதுன்னு சொல்றேன் கேளுங்க. மருந்து எதுவும் போடாம ஒரு கண்ணுல மட்டும் கருமணி விரிஞ்சு நின்னா, கூடவே தலைவலியும் வாந்தியும் இருந்தா, மண்டைக்குள்ள ஏதோ வீங்குதுன்னுதான் டாக்டருங்க முதல்ல பயப்படுவாங்களாம். அவரும் அப்படித்தான் பயந்தார். கண்ணை விட்டுட்டுத் தலையைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய வார்டுல கொண்டு போட்டு, தலைக்கு ஐஸ் பை வெச்சு, ரத்தம் எடுத்து, ஒரு நாள் குப்புறச் சுருட்டிப் படுக்க வெச்சு முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. ரெண்டு நர்ஸம்மா என் தலையையும் காலையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. மூளைக்காய்ச்சலான்னு பார்க்குறதுக்காம். மூளை நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுதான் அந்தப் பக்கம் செத்துக்கிட்டிருந்துச்சு. இத்தனையும் நடக்குறப்ப என் தம்பி தினம் சாயங்காலம் வந்து கட்டில் ஓரம் நின்னுட்டுப் போனான். ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கலாமே! திறக்கல.

அந்த நாள்ல என்னைத் தாங்கினவங்க வேற. எங்க வீட்டுக்காரர் ஷிப்ட் முடிஞ்சு வந்து கஞ்சியை ஸ்பூன்ல ஊட்டுவார், நான் அவர் சட்டை மேலயே வாந்தி எடுப்பேன், "பரவாயில்ல, துவைக்கிற சட்டைதானே"ன்னுவார். பக்கத்து வீட்டுப் பெங்காலியம்மா மாலதி தீதி, அவ புருஷன் படகுத் தச்சன், தினம் இளநீர் வெட்டி எடுத்துட்டு வருவா. என் வாந்திச் சட்டியை அவ கையாலயே கழுவி வெச்சா. என் பாஷை அவளுக்கு வராது, அவ பாஷை எனக்கு வராது. ஆனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

ஒரு நாள் காலையில அந்த டாக்டர் என்ன தோணுச்சோ, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு இமை மேலயும் விரலை வெச்சு அமுக்கிப் பார்த்தார். இடது கண்ணு மெத்துனு இருந்திருக்கு. வலது கண்ணு கொட்டைப்பாக்காட்டம் கெட்டியா இருந்திருக்கு. "காலா மோதியா"ன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டார். கண்ணுல நீர் அழுத்தம் ஏறுற நோய்க்கு ஹிந்தியில அதுதான் பேராம். உடனே மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து, அடுத்த கப்பல்ல மெட்ராஸுக்குப் போயே ஆகணும்னு எழுதிக் கொடுத்தார். கப்பல் வர்றது நம்ம கையிலயா இருக்கு? அதுக்கும் காத்துக்கிடந்தோம்.

அடுக்குக் கட்டில் போட்ட பங்க் கிளாஸ்ல, அடித்தட்டுல இடம் கிடைச்சுது. கீழ என்ஜின் சூடு, மேல ஆட்டம். அந்த மாத்திரை சாப்பிட்டா விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி மதமதன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். ஆடுற கப்பல்ல ஒத்தைக் கண்ணோட கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சுப் போயிட்டு வருவேன். எங்க வீட்டுக்காரர் கதவுக்கு வெளிய காவல் நிப்பார். கப்பல் கிளம்புறப்ப ஜெட்டியில தம்பி ஆரஞ்சுப் பழத்தோட வந்து நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அக்கா மேல எவ்வளவு பாசம்னு நானும் சேர்ந்து அழுதேன். அதை நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரியில போன உடனே ஒரு டம்ளர் கிளிசரினை எலுமிச்சை பிழிஞ்சு குடிக்கச் சொன்னாங்க. உடம்புல இருக்குற நீரை இழுத்துக் கண்ணோட அழுத்தத்தைக் குறைக்குமாம். பாகு மாதிரி தித்திப்பு, தொண்டையில இறங்கவே இல்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். அப்புறம் மல்லாக்கப் படுக்க வெச்சு, மரத்துப் போற சொட்டு விட்டு, கண்ணு முழி மேலயே ஒரு குட்டிக் கருவியை நிறுத்தினாங்க. அதுல ஒரு முள்ளு இருக்கு. கண்ணு மெதுவா இருந்தா முள்ளு நல்லா ஆடும், கெட்டியா இருந்தா அசையாது. என் வலது கண்ணுக்கு அது அசையல. இன்னொரு நாள் கருப்புத் துணிக்கு முன்னாடி உக்கார வெச்சு, குச்சி நுனியில வெள்ளைக் குண்டூசித் தலையை நகர்த்தி, "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டாங்க. இடது கண்ணுக்குத் தெரிஞ்சுது. வலது கண்ணுக்குக் குண்டூசியும் தெரியல, துணியும் தெரியல, டார்ச் லைட்டையே முன்னால பிடிச்சும் தெரியல.

எனக்கு வைத்தியம் பார்த்தது ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு. கட்டில்ல உக்காந்து தமிழ்ல பேசினாங்க. "அம்மா, கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா நீர் ஊறிக்கிட்டே இருக்கும். அது வெளிய போக ஓரத்துல ஒரு வடிகால் இருக்கு. உங்களுக்கு அந்த இடம் பிறவியிலேயே குறுகல். அது அடைச்சுக்கிட்டா நீர் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கிடும்"ன்னாங்க. மெஸ் வெச்சிருக்குறவளுக்கு இது புரியாதா? கழுவுற தொட்டியில சோத்துப் பருக்கை அடைச்சா என்ன ஆகும்னு தினம் பார்க்குறேனே.

"வலி வந்தப்ப வீட்டுல ஏதாவது சொட்டு போட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்வியை என் மூஞ்சியைப் பார்த்து, என் பாஷையில ஒருத்தர் கேட்டது அப்பதான்.

"போட்டேனே. என் தம்பி கம்பவுண்டர். பழுப்பு சீசாவுல இருந்து ரெண்டு வேளை விட்டான்."

அவங்க டார்ச்சை எடுத்து என் வலது கண்ணை இன்னொரு தடவை பார்த்தாங்க. அப்புறம், "போட்டப்புறம் வெளிச்சம் தாங்கலியா? வலி ஜாஸ்தியாச்சா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "அது கருமணியை விரிய வைக்கிற மருந்தும்மா. வேற சில கண்வலிக்கு நல்லது. உங்க கண்ணுக்கு விஷம். கருமணி விரிஞ்சா அந்த வடிகாலை இன்னும் அடைச்சிடும்."

"போட்டோம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"தலையில தேடிக்கிட்டு இருந்திருக்க மாட்டாங்க. நேராக் கண்ணுக்கு வந்திருப்பாங்க. உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா பார்வை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்."

அப்பதான் என் காதுல அந்தக் குரல் திரும்பக் கேட்டுச்சு. நஹீன் சாப். குச் நஹீன் டாலா. தெரியாம மருந்து போட்டதைக்கூட விட்டுடலாம்ங்க. முட்டாள் பய, தெரியல. ஆனா கேட்டப்ப மறைச்சானே? வார்டுல என் முதுகுல ஊசி ஏறினப்ப பார்த்துக்கிட்டு நின்னானே? வேலை போயிடுமேன்னு என் கண்ணைக் கொடுத்துட்டான்.

இடது கண்ணுக்கும் அதே குறுகல்தான், இன்னிக்கோ நாளைக்கோ அதுவும் அடைக்கும், இப்பவே ஆபரேஷன் பண்ணிடணும்னாங்க. கருமணியைச் சுத்தி இருக்குற திரையில ஓரமா ஒரு சின்ன ஓட்டை போட்டா நீர் அந்த வழியாப் போயிடும். "வெளிநாட்டுல லேசர்னு ஒரு வெளிச்சத்தை வெச்சே இந்த ஓட்டையைப் போட்டுப் பார்க்குறாங்களாம். கத்தி வேண்டாம், படுக்க வேண்டாம். ஒரு காலத்துல இங்கயும் வரும்"ன்னாங்க. "வர்றப்ப வரட்டும் டாக்டரம்மா, இப்ப கத்தியே போதும்"ன்னேன். தாலியைத் தவிர மத்த நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போச்சு.

ஆபரேஷன் ஆனதும் ரெண்டு கண்ணையும் கட்டி, தலை அசையக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வெச்சுட்டாங்க. பகலா ராத்திரியான்னு தெரியாது. கட்டை அவிழ்த்தா இடது கண்ணும் தெரியலைன்னா என்ன செய்வோம்னு பயம். அந்தப் பயத்தை மறக்க நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிறீங்க? சாமி பேரைச் சொன்னேனா? இல்ல. என் தம்பியை என்ன செய்யலாம்னு ஒவ்வொண்ணா யோசிச்சேன். மிளகாத்தூளை அள்ளி மூஞ்சியில வீசுறது. பஜார் நடுவுல செருப்பால அடிக்கிறது. அம்மி குழவியைக் கால்ல போடுறது. எங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிஞ்சதும், "ஊருக்குப் போனதும் அவன் எலும்பை எண்ணிடுறேன்"ன்னு குதிச்சார். "நீங்க சும்மா இருங்க. அடிச்சா ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும். எனக்கு வடியாதது வேணும்"ன்னேன்.

கட்டை அவிழ்த்தாங்க. மங்கலா ஒரு வெள்ளைச் சேலை தெரிஞ்சுது, அப்புறம் டாக்டரம்மா மூஞ்சி தெரிஞ்சுது. கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனா ஓட்டை போட்டும் அழுத்தம் முழுசா இறங்கல. "ஒரு சொட்டு மருந்து தர்றேன். நாலு வேளை. உயிர் இருக்குற வரைக்கும் விடக்கூடாது. விட்டா இந்தக் கண்ணும் போயிடும்"ன்னாங்க. அந்த நிமிஷம் எனக்கு வழி தெரிஞ்சு போச்சு.

திரும்பி வந்த கப்பல்ல இருந்து இறங்கினதும் வீட்டுக்குக்கூடப் போகல, நேரா டிஸ்பென்சரிக்குப் போனேன். வரிசையா ஆளுங்க உக்காந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் "அக்கா!"ன்னு ஓடி வந்தான். செத்த கண்ணைப் பார்த்து அப்படியே நின்னுட்டான். பெஞ்சுல உக்காந்து முந்தானை முடிச்சை அவுத்து சீசாவைக் கொடுத்தேன்.

"பேரைப் படி"ன்னேன்.

"பைலோகார்பின்."

"சத்தமாப் படி."

படிச்சான். "இப்ப இடது கண்ணுல விடு. நாலு வேளை. காலையிலயும் ராத்திரியும் நீ என் வீட்டுக்கு வரணும், மத்தியானமும் சாயங்காலமும் நான் இங்க வருவேன். நான் சாகுற வரைக்கும் நீதான் போடணும். அந்தப் பழுப்பு சீசாவுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ டாக்டர்கிட்ட சொன்ன பொய்யும் தெரியும்."

ஃபில்லரை எடுத்தான். முதல் சொட்டு கன்னத்துல விழுந்துச்சு. ரெண்டாவதுதான் கண்ணுல விழுந்துச்சு. எப்படித் தைரியமா அவன்கிட்டயே இருக்குற ஒத்தைக் கண்ணைக் காட்டினேன்னு எல்லாரும் கேக்குறாங்க. சீசா என் முந்தானையில, பேரு அவன் வாயில. அதுக்கு மேல, என் கண்ணைப் பார்க்காம அவனால சொட்டு விட முடியாது. அதுதான் எனக்கு வேணும்.

பெஞ்சுல இருக்குறவங்க, "என்னக்கா ஆச்சு அந்தக் கண்ணுக்கு?"ன்னு கேப்பாங்க. நான் சொல்லமாட்டேன். "கம்பவுண்டரையே கேளுங்க"ன்னுட்டு அவனைப் பார்ப்பேன். "கப்பல் கண்ணு முத்திப் போச்சு"ன்னு முணுமுணுப்பான்.  ஒரு நாள் வீட்டுக்கு வந்தப்ப கால்ல விழுந்து, "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா, விட்டுடு"ன்னு அழுதான். "எங்கிட்ட எதுக்கு அழுற? அந்த டாக்டர்கிட்டப் போ. நஹீன்னு சொன்ன அதே வாயால ஆமா, போட்டேன்னு சொல்லு"ன்னேன். "சொன்னா வேலை போயிடும்க்கா." "என் கண்ணு போகலையா?" எழுந்து போயிட்டான். நானே போய் டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னா அது கோள் மூட்டுறது. அவன் வாயில இருந்து வரணும், நான் கேக்கணும். அதுவரைக்கும் நாலு வேளை.

எங்க வீட்டுக்காரர்கூட, "போதும் பாக்கியம், பையன் இளைச்சுப் போயிட்டான்"ன்னார். "நல்லா இளைக்கட்டும்"ன்னேன்.

அப்புறம் இன்னொரு கப்பல் வந்துச்சு, ஊரெல்லாம் செவந்த கண்ணு. மத்தியானச் சொட்டுக்கு நான் போனப்ப டிஸ்பென்சரியில கால் வைக்க இடமில்ல. வரிசையில மாலதி தீதி உக்காந்திருக்கா, தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. பக்கத்துல அவ புருஷன். "கப்பல் கண்ணு, சீக்கிரம் போட்டுவிடு கம்பவுண்டர் சாப், உள்ளதையெல்லாம் வாந்தி எடுத்துட்டா"ன்னு ஹிந்தியில அவசரப்படுத்துறான். தலைவலி, வாந்தி, எனக்கு வந்த அதேதான். தம்பி வரிசையில விட்டுக்கிட்டே வந்தவன், அவ கிட்ட வந்து, கப்பல் கண்ணுதான்னு தலையாட்டிட்டு ஃபில்லரைத் தூக்கினான்.

நான் கத்த வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் கண்ணு என் பக்கம் வந்துடுச்சு. ஃபில்லரைக் கீழ இறக்கினான். குனிஞ்சு, "தீதி, விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதா?"ன்னு ஹிந்தியில கேட்டான். ஆமான்னு தலையாட்டினா. ஃபில்லரைத் தட்டுல போட்டுட்டு, அத்தனை பேரையும் வெளிய அனுப்பிக் கதவைச் சாத்தினான். உண்மையைச் சொல்றேன், தீதி தப்பிச்சாளேன்னு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், எல்லார் முன்னாடியும் அவனைத் திட்டுற வாய்ப்பு போச்சேன்னு எரிச்சல்.

டாக்ஸி பிடிச்சு மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் ஏறிக்கிட்டேன். அதே வடக்கத்தி டாக்டர். அதே டார்ச். தீதி கண்ணைப் பார்த்துட்டு அதே கேள்வியைக் கேட்டார். "ஆங்க் மே குச் டாலா தா?" தீதியோட புருஷன் பதில் சொல்ல வாயெடுத்தான். தம்பி அவன் கையைப் பிடிச்சு நிறுத்தினான்.

"இன்கோ நஹீன் டாலா சாப். மேரி தீதி கோ டாலா தா. மைனே டாலா தா. உஸ் தின் ஜூட் போலா."

இவங்களுக்குப் போடல, என் அக்காவுக்குப் போட்டேன், நான்தான் போட்டேன், அன்னிக்குப் பொய் சொன்னேன். டாக்டர் அவனைப் பார்த்தார். சுவரோரம் நிக்குற என்னைப் பார்த்தார், என் வலது கண்ணைப் பார்த்தார். முதல்ல தீதிக்கு வைத்தியத்தைப் பார்த்தார். இமையை அமுக்கி, சொட்டு விட்டு, மாத்திரை கொடுத்து, கிளிசரின் குடிக்க வெச்சு, அடுத்த கப்பலுக்குச் சீட்டு எழுதினார். அவளுக்கு ரெண்டு கண்ணும் பிழைச்சுது. இன்னிக்கும் என்னைவிட நல்லா ஊசியில நூல் கோக்குறா. அதுக்கப்புறம் டாக்டர் வராந்தாவுக்கு வந்து என் தம்பியைப் பிடிச்சார் பாருங்க! முதுகுல குத்தின ஊசியில இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லிச் சொல்லித் திட்டினார். வார்டே எட்டிப் பார்த்துச்சு. தம்பி தலையைத் தூக்கவே இல்ல.

என் வயிறு குளிர்ந்துச்சா? குளிர்ந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். நல்ல பொம்பளைங்க இப்படிச் சொல்லக்கூடாதுன்னு செல்வி சொல்றா. எழுதுடின்னேன்.

விஷயம் மெயின்லேண்டுல இருந்த டிஸ்பென்சரி டாக்டர் காதுக்குப் போச்சு, தம்பிக்கு வேலை போச்சு. அன்னியில இருந்து என் மெஸ்ஸுலதான் இலை எடுத்துப் பாத்திரம் கழுவுறான். போன வாரம் காலையில ஒரு தகரப் பெட்டியோட வாசல்ல வந்து நின்னான்.

"அக்கா, நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன். இன்னிக்குக் கப்பல்ல ஊருக்குப் போறேன். என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன். கையை எடுக்கல. "கப்பல்ல போறியா? தாராளமாப் போயிட்டு வா. மத்தியானச் சொட்டுக்கு வந்துடு"ன்னேன்.

பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஜெட்டிப் பக்கம் நடந்துட்டான். எனக்கும் கூப்பிடணும்னு இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா கூப்பிடல. குழம்பு கொதிக்கிறப்ப கப்பல் ஊதுறது கேட்டுச்சு, ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. செல்வி சீசாவை எடுத்து, "நான் போடட்டுமாம்மா?"ன்னு கேட்டா. "கொஞ்சம் பொறு"ன்னேன். கப்பல் சத்தம் தூரமாப் போய் அடங்கிடுச்சு. சாப்பிட வந்தவங்க உக்கார ஆரம்பிச்சுட்டாங்க.

வாசல்ல தகரப் பெட்டியைக் கீழ வைக்கிற சத்தம். நான் திரும்பல. பெஞ்சுல உக்காந்து தலையை அண்ணாந்தேன். செல்வி கையில இருந்து சீசாவை அவன் வாங்கினது தெரிஞ்சுது.

"பேரைப் படி"ன்னேன்.